கொம்புக்கு ஏற்ற ஊசி

பொன்னுவேல் கோணி ஊசியால் மனைவியின் கொம்புச் சீப்பில் கீறிப் பார்த்தான். கோடு தடிமனாக விழுந்தது.

“ஏனுங்க, கீறிப் பாக்க என்ற சீப்புத்தானா கெடச்சுது? இந்தக் குடைக்கம்பியப் பாருங்க” என்றாள் கண்ணம்மாள்.

“அது வளையுது புள்ள. வழுக்குச்சுன்னா காளையோட கண்ணு போயிரும்.”

கடைசியில் ஒரு தையல் ஊசியை உடைத்துக் காப்பிச் செடிக் குச்சியில் இறுக்கிச் செருகினான். நெல் நீளத்துக்கு முனையை வெளியே விட்டு, கல்லில் தீட்டினான். இப்போது கோடு மயிரிழையாக விழுந்தது. சுண்ணாம்பைத் தேய்த்ததும் வெள்ளையாகத் தெரிந்தது.

“மஞ்சக்குட்டை எஸ்டேட் தொரைக்குப் புடிக்குமுங்களா?”

“எஸ்டேட் எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சாப் போதும்னாரு. காலையில மாட்டைக் கொண்டுபோயிக் காட்டோணும்.”

இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று இருவரும் தொழுவத்துக்கு நடந்தார்கள். செவலைக் காளை தவிட்டுத் தண்ணீரிலிருந்து தலையை நிமிர்த்தியது. கண்ணம்மாள் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆடாம நில்லு சாமி. எஸ்டேட் வண்டிக்கு வாங்குற மாட்டுக்கெல்லாம் தொடையில சூடு போடுவாங்க. கொம்புல எழுத்து இருந்தா உனக்குச் சூடு வேண்டாம்னு தொரை ஒத்துக்கிட்டாரு.”

பொன்னுவேல் இடது கையால் அதன் கண்ணை மறைத்துக்கொண்டு, முதல் கோட்டை இழுத்தான்.