கூட்டத்தில் இடது ஓரம்

திரையில் தன்னைக் கண்டதும் அவள் முன் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் ஊரே கூடி நின்றது. அந்தக் கூட்டத்தில், இடது ஓரம். அவள்தான்.

அவள் ஒருநாளும் உடுத்தாத பச்சைப் புடவை. போயே இராத ஆறு.

இடுப்பில் ஒரு குழந்தை.

பதினாறு வருடமாக ஜெயசீலி சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறவள். கல்யாண வீடு, சாவு வீடு, கட்சி ஊர்வலம், எதுவானாலும் ஏஜென்ட் கூப்பிட்டால் வடபழனியில் வேன் ஏறிவிடுவாள். போன வருடம் ஒரு கம்பெனியில் அவளை வட்டமாக வைத்த கேமராக்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அழச் சொன்னார்கள். குழந்தையைச் சுமப்பதுபோல நடந்துகாட்டச் சொன்னார்கள். அது மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. நான்கு தடவை நடக்க வைத்தார்கள்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவளே ஏஜென்ட்டுக்குப் போன் செய்தாள்.

"இனிமே நீ வரத் தேவையில்லக்கா," என்றான். "உன்னைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களே. வேணுங்கிறப்ப அவங்களே நிக்க வச்சுக்குவாங்க."

திரையில் குழந்தை முகத்தைத் திருப்பியது.

பெண் குழந்தை. மூன்று வயதிருக்கும். அவளுடைய நெற்றி, அவளுடைய தட்டை மூக்கு. அவள் முகத்தை வைத்தே செய்திருப்பார்கள்போல.

காது மட்டும் வேறு. விரிந்து, நுனி முன்னால் மடங்கிய காது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கம்பெனிக்கு அவள் தனியாகத்தான் போயிருந்தாள்.

பிறகு திரையில் அணை உடைந்தது. வெள்ளம் கூட்டத்தை வாரிக்கொண்டு போனது. கடைசியாக ஒரு சின்னக் கை தெரிந்து, அதுவும் மறைந்தது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியக் காட்சிக்குக் கணவனை அழைத்து வந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. ராயப்பன் பெயின்ட் வேலையை அரை நாளோடு விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். ஆஸ்பத்திரிகளுக்கு அலைவதை நிறுத்தியே ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

ஆற்றங்கரை வந்தது.

"அதோ பாருய்யா. ஓரத்துல."

அவன் கண் நேரே அந்த இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

குழந்தை திரும்பியது.

அவன் கை தானாக எழுந்து தன் காதைத் தொட்டது.

அவள் சட்டென்று எழுந்தாள்.

"வா, போயிடலாம். தண்ணி வரப்போவுது."

அவன் இருட்டில் தட்டுத் தடுமாறி அவள் பின்னாலேயே வந்தான். கதவைத் தள்ளப் போனவள் திரும்பிப் பார்த்தாள். அவன் நடைபாதையிலேயே நின்றுவிட்டிருந்தான்.

திரையில் இரைச்சல் தொடங்கியது.

"புள்ள?" என்றான்.