மரக்கால் கப்பித்தான்

செபஸ்தியனின் இடது சப்பாத்து வாயைப் பிளந்தது சரியாக ஒல்லாந்தர் வீட்டு வாசற்படியில்தான்.

அத்தானிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. கோட்டை ஸ்டேஷனிலிருந்து கொட்டாஞ்சேனைவரை ஐப்பசி மழை வெள்ளத்தில் சளக்குச் சளக்கென்று நடந்து வந்தவன். அவ்வளவு தூரமும் பொறுத்துக்கொண்ட சப்பாத்து, வந்து சேர்ந்ததும் அடியைக் கழற்றிவிட்டது.

இன்றைக்கென்று பார்த்துத்தானா?

ஒருகாலத்தில் டச்சுக்காரக் கப்பல் கப்பித்தான் ஒருவர் வாழ்ந்த அந்தப் பழைய வீட்டை மியூசியமாக்கியிருந்தார்கள். ஐப்பசிச் சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டமாக உள்ளே விட்டு, அறை அறையாகச் சுற்றிக்காட்டுவார்கள். முடிவில் ஹோலில் ஒரு பேச்சும் உண்டு. பேசுகிறவர் வக்கீல், புரொக்டர் சுந்தரலிங்கம். மியூசியத்துக்குத் தலைவரும் அவர்தான்.

சுற்றிக்காட்டுவது செபஸ்தியனும் மஷூரும். இரண்டு பேரும் தற்காலிகம். இன்றைய சுற்று முடிந்ததும் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்குவதாகப் புரொக்டர் சொல்லியிருந்தார்.

செபஸ்தியன் விரும்பிய நேசத்தின் அப்பாவும் ஒன்று சொல்லியிருந்தார். நிரந்தர உத்தியோகம் கிடைத்தால் பெண் கேட்டு வா, இல்லாவிட்டால் இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்று.

புரொக்டருக்கோ மரியாதை எல்லாம் காலில்தான். போன கிழமை செருப்போடு வந்த டிக்கட்காரன் ஹியூபேட்டை, வந்திருந்தவர்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் பிறகு வரவேயில்லை.

செபஸ்தியன் காலைத் தூணுக்குப் பின்னால் ஒளித்தான். அதற்குள் மஷூர் பார்த்துவிட்டான். பார்த்ததோடு விட்டானா, பல்லையும் காட்டினான்.

"என்ன மச்சான், முதலை வளக்கிறியா?"

"போய் அவரிட்டச் சொல்லு. உனக்கு வேலை சுகமாக் கிடைக்கும்."

மஷூர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. புரொக்டரின் இருமல், டிராம் கண்டக்டரின் மூக்குக் குரல், மீன்காரியின் ஏச்சு, எது காதில் விழுந்தாலும் அடுத்த நிமிஷம் அவன் வாயில் இருக்கும்.

கீழ் வீடு மஷூரின் பங்கு, மேல் வீடு செபஸ்தியனின் பங்கு. கீழே கல்லுத் தரை. காலை இழுத்து இழுத்து, கூட்டத்தோடு கூட்டமாகச் செபஸ்தியன் ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டான். மேலே பலகைத் தரை. "இதுதான் கப்பித்தானின் படுக்கையறை" என்று தொடங்கி ஓரடி முன்னால் வைத்தான்.

டப்.

முன்வரிசை குனிந்து பார்த்தது. பின்னால் நின்ற புரொக்டரின் கழுத்து மெல்ல நீண்டது.

டப் என்று இன்னொரு சத்தம், கூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து. மஷூர்தான். நாக்கை அண்ணத்தில் அடித்து அதே சத்தத்தை அச்சொட்டாக எடுத்தான். ஒரு காலை விறைப்பாக்கி நொண்டியபடி, கப்பித்தானுக்கு ஒரு கால் மரக்கால் என்றும், மனுஷன் செத்தும் இந்தப் பலகையை விட்டுப் போக மனமில்லாமல் திரிகிறார் என்றும் அளந்தான். பிறகு கப்பித்தானாகவே மாறிச் சமையற்காரனை உறுக்கினான். உடனே சமையற்காரனாக மாறி, இந்தா வாறன் துரை என்று நடுங்கினான். பள்ளிக்கூட டீச்சர்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

செபஸ்தியனுக்குக் காது சுட்டது. அவன் அடி வைத்தால் டப். கூடவே மஷூரின் டப். அவன் நின்றால் மஷூரும் நிற்பான். கட்டில், அலுமாரி, சீனத்துச் சாடி, எதைக் காட்டி என்ன சொன்னான் என்று செபஸ்தியனுக்கே தெரியாது. ஊரைக் கூட்டி என் கிழிசலைக் காட்டுகிறான் பாவி என்று மட்டும் மனம் கிடந்து கொதித்தது.

படியிறங்கும் இடத்தில் மஷூரை நெருக்கிப் பிடித்தான்.

"வேலை வேணுமெண்டா நேரா எடு. என்னை வைச்சு ஏன் கூத்தாடுறாய்?"

"நிக்காத மச்சான், நட" என்று சொல்லி, மஷூர் நாக்கை அடித்தான். டப்.

புரொக்டரின் பேச்சு ஒல்லாந்தரின் கறுவாப்பட்டை வியாபாரத்தில் தொடங்கிக் கறுவாவிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. செபஸ்தியன் கால்களை, உட்கார்ந்திருந்த வாங்குப் பலகைக்கு அடியில் திணித்துக்கொண்டு, முடியாதா முடியாதா என்று நெளிந்தான்.

ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது. புரொக்டர் இருவரையும் கூப்பிட்டார். செபஸ்தியன் ஒரு கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மரக்கால் கப்பித்தானை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று புரொக்டர் மஷூரைக் கேட்டார். தானே கட்டிய கதைதான் என்றான் மஷூர். சரித்திரம் சொல்லும் வீட்டில் கோமாளிக்கு வேலை இல்லை, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார் அவர்.

மஷூர் ஏதாவது சொல்லுவான் என்று செபஸ்தியன் பார்த்தான். அவன் ஒரு சலாம் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெளியே மழையில் புரொக்டரின் இருமல் ஒன்று கேட்டது. புரொக்டரோ இங்கே வாயைத் திறக்கவேயில்லை.

வேண்டும் அவனுக்கு, என்று நினைத்தான் செபஸ்தியன்.

வேலை உமக்குத்தான் தம்பி என்று புரொக்டர் கை நீட்டினார். செபஸ்தியனுக்கு நேசத்தின் அப்பா வாசலில் நின்று வரவேற்பதுபோல் இருந்தது. கதிரையைப் பிடித்தபடியே எட்டிக் கை கொடுத்தான்.

"உண்மையைச் சொன்னா, நான் உம்மைத்தான் சந்தேகப்பட்டனான்" என்றார் புரொக்டர் சிரித்துக்கொண்டு. "முதல் சத்தம் கேட்டவுடனே, உம்மட சப்பாத்துப் பிஞ்சுபோச்செண்டு நினைச்சன். முன்னுக்கு வந்து பாத்திருந்தா அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பன். நல்ல காலம், அந்தக் குரங்கு நாக்கால அடிக்கிறதெண்டு விளங்கிச்சு."

செபஸ்தியனின் கை அவர் கைக்குள் அப்படியே கிடந்தது. வாசல் பக்கம் பார்த்தான். மழைதான் தெரிந்தது.

கையை இழுத்துக்கொண்டு கதிரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அவன்ர நாக்கில்லை, சேர். என்ர சப்பாத்துத்தான்."