மதிவதனி அழித்த வாக்கியம்

மதிவதனியோடு சண்டை போட்ட மறுநாள் காலையிலிருந்து சமையல் மெஷின் திருமாறனுக்குச் சர்க்கரையில்லாத காபியையே கொடுத்து வந்தது. மனைவிதான் அதை ஏவிவிட்டிருக்கிறாள் என்று அவன் உறுதியாக நம்பினான். கையும் களவுமாகப் பிடித்துவிட, மெக்கானிக் நஸ்ரினை வரவழைத்தான்.

வீட்டில் பேசுவதைக் கேட்டுப் பழகும் மெஷின் அது. அதன் ஒவ்வொரு செயலுக்கும் காரணமான வாக்கியத்தைப் பேச்சுப் பதிவிலிருந்து நஸ்ரினின் திரை எடுத்துக் காட்டிவிடும். இப்போது அது காட்டிய வாக்கியம், "மாடியில துணி காயுது, மழை வருது."

"காபிக்கும் துணிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பதிவுல யாரோ ஒரு வரியை அழிச்சிருக்காங்க சார். மெஷின் அதுக்கு முன்னாடியே அதைக் கத்துக்கிச்சு. அதான் ஒரு வரி தள்ளிக் காட்டுது. என்னன்னு அழிச்சவங்களத்தான் கேக்கணும்."

திருமாறன் திரும்பினான். மதிவதனி ஏற்கெனவே மடித்த துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டினியா?"

"உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துச்சு. 'இவர் எனக்கு ரொம்ப வருஷம் வேணும், நாளையிலேருந்து சர்க்கரையை நிறுத்து'ன்னு மெஷின்கிட்ட சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே நீங்க சண்டைக்கு நின்னீங்க. இதைப் படிச்சுட்டீங்கன்னா என் கோபத்துக்கு என்ன மரியாதை? அழிச்சுட்டேன்."

நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சர்க்கரையைத் திரும்பப் போட வச்சிடட்டுமா சார்?"

"இப்படியே இருக்கட்டும்மா" என்றவன் மனைவியின் பக்கம் நகர்ந்தான். "அந்த வரியை இன்னொரு தடவை சொல்லேன்."

"மெஷின்கிட்டயா?"

"என்கிட்ட."