பாதி விலை போஸ்டர்

"ஐந்நூறு போஸ்டருக்கு நானூறு டாலரா? வெளியே பாதி விலைக்கு அடிக்கிறாங்க நஃப்தலி!" என்றார் யூதர் சங்கச் செயலாளர் ஃபிஷல்.

"அண்ணே, ஜெபக்கூடத்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார்றோம். எனக்கும் அஞ்சு பிள்ளைங்க. நம்ம ஆளுன்னு பார்க்கக் கூடாதா?"

"நம்ம ஆளு, வெளியாளுன்னு பார்த்தா கட்டுப்படியாகுமாப்பா?"

ஃபிஷல் கிளம்பிவிட்டார். புரூக்ளினில் ஒரே தெருவில் முப்பது வருடமாக அச்சகம் நடத்தும் நஃப்தலி, எழுதி வைத்த விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஃபிஷல் ஒரு போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மோசம் போயிட்டேன் நஃப்தலி! அந்தப் பாதி விலைக்காரனுக்கு எபிரேய எழுத்தே தெரியல. வலப்பக்கத்துலேர்ந்து படிக்க வேண்டியதை இடப்பக்கத்துலேர்ந்து அடிச்சுத் தொலைச்சிட்டான். நாளைக்குத் தெரு முழுக்க ஒட்டணும். நீ சொன்ன விலையே தர்றேன், அடிச்சுக் குடு!"

நஃப்தலி ஒரு போஸ்டரை விரித்து, இடமிருந்து வலமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'யூதர்களே! விலை குறைவென்று வெளியே ஓடாதீர்கள். நம்மவர் கடையிலேயே வாங்குங்கள்!'

ஃபிஷல் கூரையைப் பார்த்தார்.

"அடிச்சுத் தர்றேண்ணே" என்றார் நஃப்தலி. "முதல் போஸ்டரை மட்டும் உங்க வீட்டு வாசல்ல நானே ஒட்டுறேன்."