சும்மா சுற்றும் ராட்டினம்

பூந்தமல்லி தாண்டி இருக்கிற அந்தக் கேளிக்கைப் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி வெயிலில் ராட்சத ராட்டினம் சுற்றுகிறது. ஏறியிருப்பது சரசா ஒருத்திதான். காலி ராட்டினத்தில் எவரும் ஏற மாட்டார்கள் என்று, கூட்டிப் பெருக்குகிறவளைச் சீருடையை மாற்றச் சொல்லி, பூப்போட்ட சேலையில் உட்கார வைத்திருக்கிறார் மேனேஜர். சந்தோஷமாகக் கத்தவும் வேண்டுமாம். உயரம் என்றாலே அவளுக்கு ஆகாது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். கீழே, ராட்டினத்தை ஓட்டுகிற அவள் புருஷன் வேம்புலி சுவிட்சில் கைவைத்து நிற்கிறான். இந்த மாதமும் ஆள் சேராவிட்டால் ராட்டினத்தைக் கழற்றிவிடுவார்களாம். அவன் வேலையும் அதோடு சரி. சாயம்போன டைனோசர் பொம்மைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் நிற்கிறது. பொம்மை மறைப்பதால் வேம்புலிக்குத் தெரியவில்லை. அப்பா ராட்டினத்தைக் கைகாட்டுகிறார். பெண் போனிலிருந்து தலைநிமிர்ந்து பார்க்கிறாள். "ஓஓ!" என்று கத்துகிறாள் சரசா. வருவதென்னவோ பயம்தான், தூரத்துக்குக் குதூகலமாகக் கேட்டால் போதும். பெண் உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி போனுக்குள் குனிகிறாள். சரசா உட்கார்ந்திருக்கிற பெட்டி உச்சிக்கு ஏறுகிறது. கார் நிறுத்துமிடம் முழுசாகத் தெரிகிறது: வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள், ஒரே ஒரு கார். அதை நோக்கித்தான் அவர்கள் நடக்கிறார்கள்.

"இன்னா சரசா, யார்னா வந்துகினு கீறாங்களா?" கீழேயிருந்து வேம்புலி கத்துகிறான்.

காரின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. சரசா கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

"வராங்கய்யா, வராங்க! நீ நிறுத்தாத, சுத்து!"