ரெண்டு மணி வெயில்

"மத்தியானம் ரெண்டு மணிக்கா? ஆன்டி, கிள்ளான் வெயில்ல அந்நேரத்துக்கு நாய்கூட வெளிய வராது. வீடு பார்க்க யாரு வருவாங்க?"

"வர்றவங்க வரட்டும் லா. சாயந்திரம் பார்த்தா எல்லா வீடும் குளுகுளுன்னுதான் இருக்கும். என் வீட்டை வெயில்லதான் விக்கணும்" என்றார் டொரத்தி ஆன்டி.

அந்தத் தெம்பு ஷார்மைனுக்குப் பிடித்திருந்தது. மலேசியாவில், இந்தக் கிள்ளான் ஊரில், வீடு விற்றுக் கொடுப்பது அவள் தொழில். இந்த வீட்டில் கூரை மேல் சோலார், பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டி, சூடு மேலே ஏறி வெளியே போகக் கூரையடியில் சின்ன ஜன்னல்கள். 'ஏர்கான் இல்லாமலே குளிரும் வீடு' என்று விளம்பரம் போட்டாள்.

சொன்ன நேரத்துக்கு நாச்சம்மை வந்து இறங்கினாள். வங்கியில் பெரிய வேலை. எதையும் சுரண்டிப் பார்த்துத்தான் நம்புவாள் போல. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்தாள். கூடத்தில் நின்று, "நல்லாத்தான் இருக்கு. வெளிய வெந்துட்டேன்" என்றாள்.

ஷார்மைன் மனசுக்குள் சாவியை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் நாச்சம்மை காதைத் தீட்டினாள். "ஏதோ ஓடுற சத்தம் கேக்குதே?"

விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். அங்கே சுவரோரம் ஓர் ஏர்கான் பெட்டி 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கரண்டு ஒயர் டொரத்தி ஆன்டியின் கூரையிலிருந்துதான் இறங்கியது.

"ஏர்கான் இல்லாத வீடா? அப்ப இது என்ன மிஸ், புறாக்கூண்டா?"

ஷார்மைனுக்கு முகம் செத்துவிட்டது. ஓகோ, அதான் ரெண்டு மணியா! காலையிலிருந்தே ஓடவிட்டு வீட்டைக் குளிர வைத்திருக்கிறார். விளம்பரத்தில் இருப்பதோ தன் பெயர்.

"என்ன ஆன்டி இது?"

"மெதுவா பேசும்மா" என்று ஆன்டி பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தார்.

"ஏமாத்துறதை மட்டும் சத்தமில்லாம பண்ணணுமோ?" என்றாள் நாச்சம்மை.

ஆன்டி இருவரையும் அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்தக் குழாய் எங்க போகுதுன்னு பார்த்தீங்களா? மதிலைத் தாண்டிப் போகுது. பக்கத்து வீட்டு பவுனம்மாள் புருஷன் பக்கவாதத்துல படுத்த படுக்கை. வேர்த்து வேர்த்து முதுகெல்லாம் புண்ணு. கரண்டு பில்லுக்குப் பயந்து அவங்க ஏர்கானைத் தொடவே மாட்டாங்க. சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. ரோஷக்காரி. அதான், 'சோலார்ல பகல் கரண்டு மிச்சமாகுது, யாராவது இழுக்கலைன்னா சோலார் பெட்டி சூடாகிக் கெட்டுடும். எனக்கு உதவி பண்ணு'ன்னேன். 'உனக்கு உதவின்னா சரி'ன்னாங்க. பெட்டி இங்க ஓடும், குளிரு அவர் ரூமுக்குப் போகும்."

"ஆன்டி, மிச்சக் கரண்டு திரும்ப கம்பெனிக்குப் போகும், நம்ம பில்லு குறையும். பெட்டி ஒண்ணும் கெடாது" என்றாள் ஷார்மைன்.

"தெரியும் லா. பொய்தான். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொல்லிட்டேன்."

"நாங்க வர்ற நேரத்துக்காவது நிறுத்தியிருக்கலாமே?" என்றாள் ஷார்மைன்.

"ரெண்டு மணி வெயில்ல அந்த மனுஷனைப் புழுங்க விடவா?"

அதுவரை தெம்பாக இருந்த குரல் முதல்முறையாக இறங்கியது. "வீடு கைமாறினா கரண்டு உங்களோடது. அதைக் கேக்க எனக்கு வாயில்லை."

நாச்சம்மை அடுப்படி ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டிப் போன குழாயைப் பார்த்தாள். பிறகு, "வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. விலையும் சரி. ஆனா சாவி வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒயரைக் கழட்டிடணும்" என்றாள்.

"சரிம்மா" என்றார் ஆன்டி. கண்ணைத் துடைக்க முந்தானை இல்லாததால் கவுன் கையையே எடுத்துக்கொண்டார்.

கல்நெஞ்சுக்காரி என்று ஷார்மைன் பல்லைக் கடித்தாள். வீடு விற்ற சந்தோஷமே அவளுக்கு இல்லை.

வெளியே வந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பவுனம்மாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "டொரத்தி, வீடு வாங்க வந்த புள்ளையா?"

"ஆமா ஆன்டி" என்று நாச்சம்மையே மதிலோரம் போனாள். "இந்த ஒயரு பழசு, ஆபத்து. கழட்டிட்டுப் புதுசா போடச் சொல்லியிருக்கேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பகல்ல வேலைக்குப் போயிடுவோம், கரண்டு இன்னும் நெறைய மிச்சமாகும். யாரும் இழுக்கலைன்னா பெட்டி கெட்டுப் போயிடுமாமே... நீங்கதான் ஆன்டி எங்களுக்கும் உதவி பண்ணணும்."