கைப்பொருத்தம்

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்த ஏஞ்சல் உள்ளே போகவில்லை. மாப்பிள்ளை இம்மானுவேல் எதிரில் வந்து நின்றாள்.

“ரெண்டு கையையும் காட்டுங்க.”

அவன் தயங்கித் தயங்கி நீட்டினான். குனிந்து உற்றுப் பார்த்தாள். திருப்பச் சொல்லி மறுபடியும் பார்த்தாள்.

அவன் அம்மா ரோசம்மாளுக்குச் சுருக்கென்றது. “இன்னாம்மா இது? நாங்க ஜெபம் பண்ற குடும்பம். கைரேகை, ஜாதகம்லாம் எங்க ஊட்ல கெடையாது.”

“எங்க ஊட்லயும் கெடையாது ஆன்ட்டி. இவரு எத்தினி வருசமா கட்டிங் மெஷின் ஓட்றாரு?”

“கும்மிடிப்பூண்டி பட்டறையில ஒம்போது வருசமா. ஏன்?”

“நான் பாக்கறது நர்ஸு வேலை. அவசரத்துல பிளக்கைப் புடுங்காம பிளேடு மாத்தி, வெரலை வெட்டிக்கினு வர்றவங்களுக்குத் தெனமும் கட்டுப் போடறேன். இவருக்குப் பத்து வெரலும் இருக்குது. ஒரு தழும்பு கூட இல்ல. நிதானமான ஆளு. எனக்கு சம்மதம்.”

ரோசம்மாள் முகம் மலர்ந்தது. “டேய், நிச்சயத்துக்கு மோதிர அளவு குடு.”

இம்மானுவேல் முதல்முறையாக வாயைத் திறந்தான். “போட்டுக்கறேம்மா. ஆனா பட்டறைக்குப் போட்டுக்கினு போவ மாட்டேன். மெஷின்ல மாட்டிக்கும்.”

ஏஞ்சல் தன் அப்பாவிடம் திரும்பினாள்.

“நைனா, சர்ச்சுல சீக்கிரமா ஒரு தேதி கேளு.”